இடமும் வலமும்: ஜொகூரில் ஒரு பழைய ஸ்டீரியோவின் ஒலிக்குறைகள்

ஸ்டீரியோ என்பது ஒரே இசையை இரண்டு தனித்தனித் தடங்களாகப் பதிந்து, இடப்புறமும் வலப்புறமும் வைத்த இரு ஸ்பீக்கர்களின் வழியே ஒருசேர ஒலிக்கச் செய்து, பாடுபவர் நடுவில் நிற்பதாகவும் வாத்தியங்கள் அவரைச் சுற்றி அமர்ந்திருப்பதாகவும் கேட்பவர் உணரும்படி செய்யும் ஒலிமுறையாகும். 1950களின் இறுதியில் இசைத்தட்டுகளில் விற்பனைக்கு வந்த இம்முறை, 1970களின் பிற்பகுதி தொடங்கி ஜொகூர் மாநிலத்துத் தமிழர் வீடுகளில் இடம்பெறலாயிற்று. நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களும், 1977இல் துறைமுகம் திறக்கப்பட்ட பாசிர் கூடாங்கை ஒட்டி எழுந்த ஆலைகளில் சேர்ந்தவர்களும், தோட்டங்களில் கிராணி வேலையிலிருந்தவர்களும் ஜப்பானியக் கருவிகளைத் தவணை முறையில் வாங்கி முன்னறையில் வைத்தனர். அக்கருவிகள் தந்த இசையைப் பற்றிய நினைவுகள் பல வீடுகளில் பேசப்படுகின்றன. அவை பழுதுபட்டபோது வீட்டார் எவ்வாறு காதைக் கொண்டே குறையைத் தேடிக் கண்டனர் என்பதும் அதே அளவுக்குப் பதிவுபெறத் தக்கதாகும். குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வாங்கப்பெற்று, பின்னர் மாசாய் வட்டாரத் தமான் (குடியிருப்புப் பகுதி) வீடொன்றுக்கு இடம்பெயர்ந்த ஒரு கருவியின் வரலாறு, கட்டுரையாளரின் இளமைக்கால வீட்டிலிருந்து இங்கே எடுத்துரைக்கப்படுகிறது.

அந்தக் கருவி ஒரே பெட்டியன்று. தட்டுச்சுழலி, கேசட் டெக், வானொலியும் பெருக்கியும் சேர்ந்த ரிசீவர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் ஆகியவற்றின் தொகுதி. இவற்றுள் ஒலி பயணம் செய்யும் பாதையை அறிந்தால்தான் குறையைத் தேடும் முறையும் விளங்கும். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது, அதைத் தாங்கிய கார்ட்ரிட்ஜில் சுமார் 5 மில்லிவோல்ட் அளவிலான மிக நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கிறது. கேசட் டெக்கிலிருந்து வருவதோ அதைப்போல் பல மடங்கு வலியது. ஆகவே தட்டுச்சுழலிக்கென ரிசீவரில் ‘ஃபோனோ’ எனப்படும் தனி நுழைவாய் உண்டு. அது நுண்ணிய அலையைப் பெருக்குவதோடு, தட்டு வெட்டப்படும்போது வேண்டுமென்றே குறைக்கப்பட்ட கனத்த ஒலிகளை உயர்த்தி, உயர்த்தப்பட்ட கூரிய ஒலிகளைத் தணித்து, மூல இசையின் சமநிலையை மீட்டுத் தருகிறது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த அளவையே இதற்கு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. இந்த நுழைவாயை விட்டு வேறு வாயில் இணைத்தால் பாட்டு மெலிந்து, கனமிழந்து, தொலைவில் எங்கோ ஒலிப்பதுபோல் கேட்கும்; கருவி பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவற்றுள் இவ்வகையைச் சேர்ந்தவையும் இருந்தன.

தோட்டத்தில் இருந்த காலத்தில் அவ்வீட்டார் எதிர்கொண்ட முதற்குறை கருவிக்குள் இருந்ததன்று. அன்றைய தோட்டங்கள் பலவற்றைப் போலவே அங்கும் லயங்களுக்கான மின்சாரம் தோட்டத்துக்குச் சொந்தமான இயந்திரத்திலிருந்து மாலை முதல் குறித்த நேரம் வரை மட்டுமே வழங்கப்பட்டது. அந்திப்பொழுதில் எல்லா வீடுகளிலும் விளக்கும் தொலைக்காட்சியும் ஒருங்கே இயங்கும்போது, இயந்திரம் பாரம் தாங்காமல் சற்றே வேகம் குறையும். அப்போது தட்டில் பாடிக்கொண்டிருக்கும் பாடகியின் குரல் சளி பிடித்ததுபோல் தடித்து இறங்கிவிடும். கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய தாயார்தாம் இதை முதலில் உணர்ந்தார்; பாட்டு சுருதி இறங்கிக் கேட்கிறது என்று அவர் சொன்னதை மற்றவர்கள் உடனே ஏற்கவில்லை.

இதன் காரணம் தட்டைச் சுழற்றும் மோட்டாரின் தன்மையில் உள்ளது. அக்காலத்துத் தட்டுச்சுழலிகள் பலவற்றில், மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை ஒட்டியே சுழலும் ஒத்தியங்கு மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. மலேசியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகளை அடைவது. இதை 50 ஹெர்ட்ஸ் என்பர். இயந்திரம் தளர்ந்து 48 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் தட்டின் வேகமும் 4 விழுக்காடு குறையும். அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 6 விழுக்காடாதலால், சுருதி அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கீழிறங்கும். பயிற்சியுள்ள காதுக்கு இது நன்றாகவே புலப்படும்.

இக்குறையை ஆராய்வதில் ஒரு நுட்பமான இடர் இருந்தது. தட்டின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் பொறிக்கப்பட்டு, அவற்றின்மேல் ஒரு சிறு நியான் விளக்கு ஒளிவீசும். வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் அவ்விளக்கும் அதே மின்னோட்டத்தைக் கொண்டே விட்டுவிட்டு ஒளிர்வதால், இயந்திரம் தளரும்போது மோட்டாரும் விளக்கும் ஒரே அளவில் தளர்ந்து, புள்ளிகள் தொடர்ந்து அசையாமலே நின்றன. குற்றத்தில் பங்குடைய ஒன்றையே சாட்சியாகக் கொள்ள இயலாது என்பதைத் தந்தையார் உணர்ந்து, தட்டின் விளிம்பில் வெள்ளைத்தாள் துண்டொன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகளை எண்ணச் செய்தார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று ஆகவேண்டும். பாட்டரியில் ஓடும் கடிகாரமே அங்கு மின்னோட்டத்தைச் சாராத சாட்சியாயிற்று; மாலை நேரத்தில் 100 என்ற எண்ணிக்கையைத் தட்டு எட்டாததைக் கண்டபின் தாயாரின் செவிக்கு வீட்டில் தனி மதிப்பு உண்டாயிற்று.

தமான் வீட்டுக்கு வந்தபின் மின்சாரம் நிலைபெற்றது. ஆனால் அடுத்துவந்த குறைகள் காலநிலையின் விளைவுகளாக இருந்தன. ஜொகூரின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுதி, வெப்பமோ குறைவதேயில்லை. கருவிகளுக்குள் உள்ள செம்பும் வெள்ளியும் கறுக்கின்றன, ரப்பர் வார்கள் இளகிப் பிசுபிசுக்கின்றன, ஸ்பீக்கரின் விளிம்பிலுள்ள பஞ்சு நொறுங்குகிறது. வெப்பத்தை நாடிவரும் பல்லியும் எறும்பும் கரப்பானும் காற்றுத் துளைகளின் வழியே உள்ளே குடியேறுகின்றன. இவற்றோடு, கருவியைத் தூசியிலிருந்து காக்கக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் பூட்டி, அதன்மேல் பின்னல் விரிப்பும் பூச்சாடியும் வைக்கும் வழக்கமும் சேர்ந்து, வெப்பம் வெளியேற வழியில்லாமற் செய்தது. மின்தேக்கிகளின் வாழ்நாள் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது மின்னணுத் துறையில் வழங்கும் பொதுவிதி. காற்றோட்டமில்லாத அலமாரி அக்கருவியின் ஆயுளை எவ்வளவு சுருக்கியிருக்கும் என்பதை இவ்விதி உணர்த்தும்.

அடிக்கடி நேர்ந்த குறை, ஒரு பக்க ஸ்பீக்கர் ஓசையின்றி அடங்கிவிடுவது. ஜொகூர் பாருவின் பழைய கடைவீட்டு வரிசையொன்றில் வானொலி பழுதுபார்த்து வந்த சீன முதியவர், அவ்வீட்டார் ‘தவுக்கே’ (முதலாளி) என்று அழைத்தவர், எந்தக் கருவி வந்தாலும் திருகாணியைத் தொடுமுன் இடப்பக்கமா, வலப்பக்கமா என்று மலாயில் கேட்பது வழக்கம். அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் வருபவரைத் திரும்பிச் சென்று கேட்டுப் பார்த்து வருமாறு பொறுமையாக அனுப்பிவிடுவார். அவரிடமிருந்து தந்தையார் கற்று, பின் பிள்ளைகளுக்குக் கற்பித்த முறையே இக்கட்டுரையின் மையப்பொருளாகும். ஸ்டீரியோவில் ஒரே வகையான இரண்டு பாதைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று நோயுற்றால் மற்றொன்று நலமாக நின்று அதற்குச் சான்று பகர்கிறது. ஒற்றைப் பாதையுள்ள பழைய வானொலியில் இவ்வசதி இல்லை.

இம்முறையின் முதற்படி, குறை உண்மையில் குறைதானா என்று தெளிவது. இரு பக்க ஒலியளவையும் சமன்செய்யும் ‘பேலன்ஸ்’ குமிழ் நடுவில் இருக்கிறதா, எந்த ஸ்பீக்கர் வரிசை இயங்கவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான் சரியாக இருக்கிறதா, ‘டேப் மானிட்டர்’ எனப்படும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்தக் கடைசிப் பொத்தான் அழுந்தியிருந்தால் ரிசீவர், தட்டையும் வானொலியையும் விட்டுவிட்டுக் கேசட் டெக்கிலிருந்து திரும்பிவரும் ஒலிக்காகக் காத்திருக்கும். டெக் ஓடாதபோது இரு பக்கமும் முழு அமைதியே நிலவும். தூசி துடைக்கும் துணி பட்டு இப்பொத்தான் அழுந்திவிட, கருவி எரிந்துபோயிற்று என்று வீடு கலங்கியதும் உண்டு.

அடுத்த படி, எந்த இசையைக் கொண்டு சோதிப்பது என்பது. 1950, 60களின் தமிழ்த் திரைப்பாடல்கள் ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோ முறையில் பதியப்பட்டவை. அவற்றில் இரு பக்கமும் ஒரே ஒலியே வரவேண்டும். ஆகவே இரு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவில் அமர்ந்து பழைய பாடலொன்றைக் கேட்டால், பாடகரின் குரல் நடுவிலிருந்து ஒலிக்கவேண்டும். அது ஒருபுறம் சாய்ந்தால் அதற்கு எதிர்ப்புறம் நலிந்துள்ளது என்று பொருள். ஸ்டீரியோப் பாடலைக் கொண்டு இதைத் தீர்மானிக்க இயலாது, ஏனெனில் ஒரு பக்கம் தணிந்து ஒலிப்பது இசையமைப்பாளரின் விருப்பமாகவும் இருக்கலாம். மாறாக, இடமும் வலமும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிந்து வருகின்றனவா என்பதை அறிய ஸ்டீரியோப் பதிவே வேண்டும். அதற்கு அவ்வீட்டில் 1978இல் வெளிவந்த ‘ப்ரியா’ படத்தின் இசைத்தட்டு பயன்பட்டது. இளையராஜா இசையமைத்த அப்பாடல்கள், தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ முறையில் பதிவான தொடக்ககாலப் பாடல்களுள் அடங்கும். கதையின் பெரும்பகுதி சிங்கப்பூரில் நிகழ்வதால் ஜொகூர்த் தமிழர்க்கு அப்படத்தின்மேல் தனிப்பற்றும் இருந்தது.

மூன்றாம் படியே முறையின் உயிர். கருவியை அணைத்துவிட்டு, ரிசீவரின் பின்புறம் இடப்பக்க ஸ்பீக்கர் வயரையும் வலப்பக்க ஸ்பீக்கர் வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றி இணைக்கவேண்டும். மீண்டும் போடும்போது அமைதி மறுபக்க ஸ்பீக்கருக்கு இடம்மாறினால், ஸ்பீக்கர் நலமாக உள்ளது, குறை ரிசீவரிலோ அதற்கு முன்னோ இருக்கிறது. அமைதி அதே பெட்டியில் தங்கினால், குறை அந்த ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. அதுபோலவே தட்டுச்சுழலியிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை முனைகளை மாற்றிச் செருகினால், குறை சுழலியிலா ரிசீவரிலா என்பது தெரிந்துவிடும். ஒரு கருவியும் திறக்கப்படாமல், ஒரு காசும் செலவாகாமல், குறையைத் தேடவேண்டிய இடம் பெருமளவு சுருங்கிவிடுகிறது.

இவ்வாறு சோதித்தபோது மாசாய் வீட்டுக் கருவியின் குறை ரிசீவருக்குள் இருப்பது தெளிவாயிற்று. அதோடு, ஒலியளவைச் சற்று மிகுதியாகத் திருப்பினால் அடங்கிய பக்கம் திடுமென உயிர்பெற்று, அதன்பின் குறைத்தாலும் சிறிதுநேரம் ஒலித்துக்கொண்டிருப்பதும் கவனிக்கப்பட்டது. இந்த அடையாளத்தைக் கேட்டவுடனேயே தவுக்கே ரிலேயைச் சுட்டினார். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்ச். கருவியைப் போட்டுச் சில நொடிகள் கழித்து ‘டிக்’ என்ற ஓசையோடு ஸ்பீக்கர்களை இணைப்பதும், பெருக்கி பழுதுபட்டு நேர்மின்னோட்டம் வெளிப்பட்டால் உடனே துண்டித்து ஸ்பீக்கர்களைக் காப்பதும் அதன் பணி. அதன் தொடுமுனைகளில் ஈரக்காற்றால் கருமை படியும்போது, மெல்லிய ஒலியின் சிறு மின்னோட்டம் அப்படலத்தைக் கடக்க இயலாமல் நிற்கிறது. உரத்த ஒலியின் மின்னோட்டமோ அதைத் துளைத்துச் செல்கிறது.

அதைச் சீர்செய்த விதம் நெடுநாள் நினைவில் நிற்கத் தக்கது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்குமாதலால், முதியவர் முதலில் ஒரு மின்தடையை அவற்றின் முனைகளுக்குக் குறுக்கே சிறிதுநேரம் பிடித்து, மீட்டரில் முள் சுழியத்துக்கு இறங்குவதைக் காட்டிய பின்பே விரலை உள்ளே நுழைத்தார். தீப்பெட்டியளவிலான ரிலேயின் தெளிந்த மூடியைக் கழற்றி, வழவழப்பான அழைப்பிதழ் அட்டையிலிருந்து மெல்லிய கீற்றொன்றை வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தொடுமுனைகளுக்கு இடையே செருகி, அவற்றை மெல்ல அழுத்திக்கொண்டு கீற்றை வெளியே இழுத்தார். வெளிவந்த கீற்றில் பென்சிலால் கோடிட்டதுபோன்ற கரிய தடமொன்று இருந்தது. அடுத்தடுத்த கீற்றுகளில் அத்தடம் மங்கி, இறுதியில் அட்டை வெண்மையாகவே வெளிவந்தது. மணல்தாளைக் கொண்டு தேய்த்தால் வேலை விரைவில் முடியும், ஆனால் முனைகளின் மேற்பூச்சு போய்விடும், பின் சில மாதங்களில் குறை கூடுதலாகத் திரும்பிவரும் என்று அவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். கூலியாக அவர் வாங்கிய தொகை சில வெள்ளிகள்தாம்.

இரண்டாவது பெருங்குறை, பாட்டோடு கலந்துவந்த இரைச்சல். இதையும் காதாலேயே இருவகையாகப் பிரிக்கலாம். ஒலிக்குமிழை முழுதும் குறைத்தாலும் இரைச்சல் மாறாமல் நின்றால், குறை குமிழுக்குப் பின்னாலுள்ள பகுதியில் இருக்கிறது; பெரும்பாலும் அது மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் உலர்ந்துபோனதன் அடையாளம். வீட்டு மின்னோட்டம் ஒருதிசை மின்னோட்டமாக மாற்றப்படும்போது எழும் ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்வது அவற்றின் பணி. அவை நலிந்தால் 100 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் கேட்கும். மாறாக, குமிழைத் திருப்பும்போது இரைச்சலும் ஏறி இறங்கினால், அது குமிழுக்கு முன்னிருந்து வருகிறது. தட்டுச்சுழலியின் மெல்லிய நிலக்கம்பி ரிசீவரின் பின்திருகிலிருந்து கழன்றிருப்பதே இதற்கு வழக்கமான காரணம். அவ்வீட்டில் வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் இடிக்கு அஞ்சி எல்லா இணைப்புகளையும் பிடுங்கி வைப்பதும், மழை ஓய்ந்தபின் அவசரமாக மீண்டும் செருகுவதும் வழக்கமாதலால், இந்தக் கம்பி விடுபடுவது பலமுறை நிகழ்ந்தது.

மூன்றாவது குறை நுண்மையானது. இரு பக்கமும் உரக்க ஒலித்தும் பாட்டில் மிருதங்கமும் தபேலாவும் கனமிழந்து, பாடகர் இருக்குமிடம் தெரியாமற் போயிற்று. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் சென்ற ஸ்பீக்கர்கள் திரும்பிவந்தபின் இது தொடங்கியது. ஒரு ஸ்பீக்கரின் வயர் முனைகள் தலைகீழாக இணைக்கப்பட்டதே காரணம். ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்றின் கூம்பு பின்னே இழுத்ததால், கனத்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிட்டன. வண்ணமிழந்த வயரில் எது நேர்முனை என்று அறிய, 1.5 வோல்ட் டார்ச் பாட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்ப்பதே வழி: பாட்டரியின் நேர்முனை ஸ்பீக்கரின் நேர்முனையில் பட்டால் கூம்பு முன்னோக்கி எழும். பிள்ளைகள் மூக்குத் தொடும் தொலைவில் குனிந்து அந்தச் சிறு எழுச்சியைக் கண்டபோது, ஒலியென்பது காற்றைத் தள்ளும் செயல் என்ற பள்ளிப்பாடம் அவர்களுக்குக் கண்கூடாயிற்று.

கேசட்டில் நேர்ந்த மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வாசிப்புத் தலையில் படிந்த பழுப்புத்தூள். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகரும் அந்த நாடாவில் கூரிய ஒலிகள் மிக நெருக்கமாகப் பதிந்திருப்பதால், மெல்லிய தூள்படலமும் அவற்றைத் தலையிலிருந்து விலக்கி மறைத்துவிடும். வானொலியிலும் இடவலச் சிக்கல் இருந்தது. எஃப்எம் ஒலிபரப்பை ஸ்டீரியோவாகப் பிரித்தெடுக்க, மோனோவாகக் கேட்பதைவிட வலுவான அலை தேவை. சிங்கப்பூர் அலைகள் ஜொகூர் நீரிணையைக் கடந்து மாசாய்க்கு வலுவாகவே வந்தமையால் அந்நாட்டுத் தமிழ் வானொலியான ஒலி 96.8 தெளிவாகக் கிடைத்தது. உட்பகுதியில் வாழ்ந்த குளுவாங் உறவினர்களோ சீறல் மிகும்போதெல்லாம் மோனோ பொத்தானை அழுத்தி, அகலத்தை இழந்து தெளிவைப் பெற்றனர்.

2000க்குப் பின் ஸ்பீக்கர்களின் விளிம்புப் பஞ்சு தொட்டாலே உதிரும் நிலையை அடைந்தது. கூம்பும் சுருளும் நலமாக இருந்தமையால், புதிய விளிம்பு மட்டும் வாங்கி ஒட்டப்பட்டது. இத்தகைய உதிரிப்பாகங்களுக்கும் மின்தேக்கிகளுக்கும் ஜொகூர்க்காரர்கள் சிங்கப்பூரின் சிம் லிம் டவர் கடைகளை நாடிச் செல்வது வழக்கமாக இருந்தது. பழைய விளிம்பை முழுவதும் சுரண்டி, கூம்பு நடுவில் நிற்கிறதா என்று விரல்களால் சமமாக அழுத்திப் பார்த்து, சுருள் காந்தத்தில் உரசும் ஓசை எழாதபோதே பசையை இறுகவிடுவது அவ்வேலையின் நெறி.

இன்று ஜொகூர் பாருவின் பழம்பொருள் சந்தைகளிலும் பிற இடங்களிலும் அக்காலத்து ரிசீவர்கள் மீண்டும் விலைபோகின்றன. இளைஞர்கள் அவற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். ஆனால் கருவியோடு சேர்ந்து கைமாற வேண்டிய அறிவு, பழுதுபார்த்தவர்களின் கடைகள் மூடப்பட்டபோது பெரும்பாலும் அவர்களோடு நின்றுவிட்டது. அவ்வறிவு மின்னணுவியலில் பட்டம் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று: கேட்டபின் தொடுதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குதல், நலமாயிருப்பதை அருகில் வைத்து நலிந்ததை அறிதல் என்னும் நான்கே அதன் அடிப்படைகள். இவற்றைக் கற்ற வீடு, ஒலியடங்கிய கருவியை உடனே குப்பைக்கு அனுப்பாது. பிறர் சொல்லும் முதற்காரணத்தையும் சோதிக்காமல் ஏற்காது. பழைய ஸ்டீரியோ உள்ள வீடுகளில் அடுத்த தலைமுறைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது என்பதன்று. குறை எந்தப் பக்கம் என்று பொறுமையாகக் கேட்டறிவதே.